தாளில் நின்ற கோயில்கள்

கல்லால் எழுப்பிய கட்டடம் காலத்தை வெல்லும் என்றும், தாளில் தீட்டிய சித்திரம் விரைவில் மறையும் என்றும் மக்கள் பொதுவாக எண்ணுவர். கல் வன்மை மிக்கது. மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் அசையாதது. தாளோ மென்மையானது, ஒரு தீப்பொறி பட்டாலும், சிறிது நீர் சிந்தினாலும் கெட்டுவிடும் இயல்பினது. ஆயினும், சிற்சில வேளைகளில் இந்நிலை தலைகீழாக மாறிவிடுகின்றது. வானளாவ நின்ற கற்கோயில் மண்ணோடு மண்ணாகிவிட, அதனைக் கண்டு ஒருவர் வரைந்து வைத்த தாள் மட்டும் நின்று நிலவுகின்றது. அத்தகைய தாள்கள் பலவற்றை உலகிற்கு விட்டுச் சென்ற ஓவியர் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டில் வாழ்ந்தார். பீட்டர் சான்ரடாம் என்பது அவர் பெயர்.

ஒல்லாந்தர் என்னும் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. வாணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து வந்த அவர்கள், சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் 1613 ஆம் ஆண்டில் கோட்டை ஒன்றைக் கட்டினர்; 1658 ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றினர். அந்நாட்டுக் கப்பல்கள் ஏலமும் மிளகும் துணியும் தேடிப் பெருங்கடல்களில் உலவிய அதே காலத்தில், அந்நாட்டின் ஓவியர்களும் தம் கலையில் தலைசிறந்து விளங்கினர். சிலர் கடலையும் கப்பலையும் வரைந்தனர். சிலர் மலரையும் கனியையும் தீட்டினர். சிலர் செல்வர்தம் உருவங்களை எழுதினர். சான்ரடாமோ கட்டடங்களையே தம் வாழ்நாட் பொருளாகக் கொண்டார். கட்டடங்களிலும், அவற்றின் உள்ளே நிறைந்திருக்கும் வெட்டவெளியையும், அதில் புகுந்து பரவும் ஒளியையும் அவர் போல் நுணுகி நோக்கியவர் மிகச் சிலரே.

சான்ரடாம் 1597 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9 ஆம் நாள் அசெண்டெல்ஃப்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் யான் சான்ரடாம், செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்கித் தாளில் அச்சிடும் கலையில் வல்லவர். ஆகவே, கோட்டின் நுட்பத்தையும் தாளின் தன்மையையும் குழந்தைப் பருவத்திலேயே காணும் வாய்ப்புச் சான்ரடாமுக்குக் கிட்டியது. ஆனால், அவ்வாய்ப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1607 ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அப்போது மைந்தர்க்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. பின்னர் அவர் ஆர்லெம் நகரில் வாழ்ந்து, 1612 ஆம் ஆண்டில் பிரான்சு தெ கிரெப்பர் என்னும் ஓவியரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் அவரிடம் பயின்று, 1623 ஆம் ஆண்டில் அந்நகரத்து ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார்.

சான்ரடாம் முதுகு கூனியவர். அவருடைய நண்பரும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞருமாகிய யாக்கோப் வான் காம்பன், 1628 ஆம் ஆண்டில் அவருடைய உருவத்தைத் தாளில் வரைந்தார். அச்சித்திரம் இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. உடற்குறை அவருடைய உழைப்பைக் குறைக்கவில்லை. உயர்ந்த தூண்களையும் அவற்றிற்கு மேலுள்ள வளைகூரைகளையும் அண்ணாந்து நோக்கி, நாள்தோறும் பல நாழிகை அமர்ந்து வரைவது நல்லுடல் படைத்தோர்க்கும் அரிய செயல். அதனையே அவர் தம் வாழ்க்கைத் தொழிலாக மேற்கொண்டார்.

அவரை இத்துறைக்கு அழைத்து வந்தது ஒரு நூலே எனலாம். சாமுவேல் ஆம்ப்சிங் என்பவர் ஆர்லெம் நகரின் பெருமையை விரித்துரைக்கும் நூல் ஒன்றை இயற்றினார். அது 1628 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூலிற் சேர்ப்பதற்குரிய சித்திரங்கள் சிலவற்றை வரையும் பணி சான்ரடாமிடம் வந்தது. நகரின் நடுவே ஓங்கி நிற்கும் புனித பாவோ தேவாலயத்தின் உட்புறத்தையும் அவர் வரைய நேர்ந்தது. நூலைப் படிப்போர் அத்தேவாலயத்தை நேரில் அறிந்தவர்கள். ஆதலின், சித்திரம் உண்மையோடு பொருந்துதல் வேண்டும். இக்கட்டுப்பாடே அவருக்கு வழிகாட்டியாயிற்று. அவ்வாண்டு முதல் இறுதிவரை, உண்மையில் உள்ள கட்டடங்களை உள்ளவாறு ஆராய்ந்து வரைவதே அவர்தம் பணியாயிற்று.

அவருக்கு முன்னரும் தேவாலயங்களின் உட்புறத்தை வரைந்த ஓவியர் உண்டு. ஆயினும், அவர்களுட் பெரும்பாலோர் தம் கற்பனையில் எழுந்த மண்டபங்களையே தீட்டினர். தூணுக்குப் பின் தூணும், வளைவுக்குப் பின் வளைவுமாக அடுக்கிக் காட்டித் தம் கைத்திறனை விளக்கினர். அவை கண்ணுக்கு இனியவை. ஆனால், எவ்வூரிலும் இல்லாதவை. சான்ரடாம் அவ்வழியிற் செல்லவில்லை. ஒரு மனிதரின் முகத்தை வரைபவர் அம்முகத்துக்கே உரிய சாயலைத் தேடுவது போல, ஒவ்வொரு கட்டடத்துக்கும் உரிய தனிச் சாயலை அவர் தேடினார்.

அந்நாளில் ஒல்லாந்து நாட்டுத் தேவாலயங்கள் பெரியதொரு மாறுதலை அடைந்திருந்தன. முற்காலத்தில் அவற்றின் சுவர்களிலே வண்ண ஓவியங்கள் பொலிந்தன. பீடங்கள்தோறும் திருவுருவங்கள் நின்றன. பதினாறாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்த இயக்கம் பரவிற்று. 1566 ஆம் ஆண்டில் பல ஊர்களில் மக்கள் திரண்டு உருவங்களை உடைத்தனர். ஆர்லெம் நகரின் பெருந்தேவாலயம் 1578 ஆம் ஆண்டில் சீர்திருத்தச் சமயத்தாரின் கைக்கு வந்தது. அவர்கள் வழிபாட்டில் உருவங்களுக்கு இடமில்லை. ஆதலால், திருவுருவங்கள் அகற்றப்பட்டன. சுவர்களும் தூண்களும் வெள்ளையடிக்கப்பட்டன.

அழகிய ஓவியங்கள் மறைந்தமை கலைக்கு நேர்ந்த இழப்பே ஆகும். ஆயினும், வெறுமையான அந்த வெள்ளைச் சுவர்களிலே வேறோர் அழகு வந்து குடிபுகுந்தது. அதுவே ஒளி. பெரிய பலகணிகளின் வழியே உள்ளே நுழைந்த பகலொளி, தடையின்றித் தூண்களின்மேல் வழிந்து, தரையிற் படிந்து, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, கூரையின் வளைவுகள் வரை பரவிற்று. மற்றவர்கள் ஒன்றுமில்லை என்று கருதிய வெண்சுவரில், காலை முதல் மாலை வரை மாறிக்கொண்டேயிருக்கும் ஒளியின் ஓவியத்தைச் சான்ரடாம் கண்டார்.

வெண்மை என்பது ஒரே நிறம் போலத் தோன்றும். ஊன்றி நோக்கினால் அஃது ஒன்றன்று என்பது புலனாகும். உருண்டையான ஒரு வெள்ளைத் தூணை எடுத்துக்கொள்வோம். பலகணியை நோக்கிய பக்கம் பளிச்சென்று இருக்கும். அங்கிருந்து விலக விலக வெண்மை சிறிது சிறிதாகக் குறைந்து சாம்பல் நிறமாகும். ஆனால், நிழற்பக்கம் முழுவதும் இருண்டுவிடுவதில்லை. தரையிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பிய ஒளி அங்கும் வந்து சேர்வதால், நிழலின் விளிம்பில் மீண்டும் ஒரு மெல்லிய ஒளிக்கோடு தோன்றும். தூண் உருண்டையானது என்பதைக் கண்ணுக்கு உணர்த்துவது இந்த ஒளியின் ஏற்ற இறக்கமே. தூணுக்கும் சுவருக்கும் இடையே வெளி இருக்கின்றது என்பதை உணர்த்துவதும் அதுவே. இவ்வுண்மையைச் சான்ரடாம் நன்கு அறிந்திருந்தார்.

அவர் கையாண்ட முறை மூன்று படிகளை உடையது. முதற்படி, கட்டடத்துக்கே நேரிற் சென்று வரைதல். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, தேவாலயத்தினுள் தக்கதோர் இடத்தைத் தேர்ந்து அமர்வார். இறகுப் பேனாவாலோ கருஞ்சுண்ணக் கோலாலோ, கண்ணிற் பட்டவாறு கைக்கணக்கில் வரைவார். அதன்மேல் நீர்த்த வண்ணங்களை மெல்லிதாகப் பூசுவார். ஒளி மிக்க இடங்களில் வண்ணம் எதையும் பூசாது தாளை வெறுமையாகவே விட்டுவிடுவார். ஆகவே, தாளின் வெண்மையே சுவரின் வெண்மையாகவும், சுவரின்மேற் பட்ட ஒளியாகவும் விளங்கும். சில வேளைகளில் நீலநிறத் தாளையும் அவர் பயன்படுத்தியதுண்டு. அப்போது வெண்சுண்ணத்தால் ஒளியைக் குறிப்பார்.

வரைந்து முடித்ததும் அத்தாளிலேயே இடத்தின் பெயர், ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை எழுதிவைப்பது அவர் வழக்கம். பிற்காலத்தார்க்கு இவ்வழக்கம் பெரும்பயன் அளித்தது. எந்தக் கட்டடம் எந்நாளில் எந்நிலையில் இருந்தது என்பதற்கு அவர் தாள்கள் சான்றுப் பத்திரங்கள் போல் உதவுகின்றன.

இரண்டாம் படி, அளவிட்டு அமைத்தல். கட்டடத்தின் நீளம், அகலம், தூண்களின் இடைவெளி ஆகியவற்றை அளந்து குறித்துக்கொண்டு, பின்னர்ப் பணியறையில் பெரிய தாளை விரித்து, அளவுகோலும் கவராயமும் கொண்டு புதிய வரைபடம் ஒன்றை அமைப்பார். நேரில் வரைந்த தாள் கண் தந்தது. இத்தாள் கணக்குத் தந்தது. இரண்டும் ஒன்றையொன்று திருத்தி நின்றன.

இவ்விரண்டாம் படியை விளங்கிக்கொள்ளத் தொலைவுத் தோற்றம் பற்றிய விதியைச் சிறிது அறிதல் வேண்டும். நேரே செல்லும் இருப்புப் பாதையின் நடுவிலிருந்து நோக்கினால், இரு தண்டவாளங்களும் தொலைவிற் செல்லச் செல்ல நெருங்கி, இறுதியில் ஒரு புள்ளியிற் கூடுவன போலத் தோன்றும். உண்மையில் அவை எங்கும் கூடுவதில்லை. அவை கூடுவதாகத் தோன்றும் புள்ளி, நோக்குவோரின் கண் இருக்கும் உயரத்திலேயே அமையும். அவர் உட்கார்ந்தால் அப்புள்ளி தாழும், நின்றால் உயரும். தேவாலயத்தின் நீண்ட சுவர்களும், தூண்வரிசைகளும், தரையிற் பதித்த கற்களின் ஓரங்களும் இவ்விதிக்கே கட்டுப்பட்டவை. சான்ரடாம் தம் வரைபடத்தில் முதலில் இக்கட்புள்ளியைக் குறித்துக்கொள்வார். பிறகு, கட்டடத்தின் ஆழத்தை நோக்கிச் செல்லும் கோடுகளை எல்லாம் அதனை நோக்கி இழுப்பார். அவருடைய தாள்கள் சிலவற்றில் அப்புள்ளியும், அதன் உயரத்தைக் குறிக்கும் எண்களும் இன்றும் காணப்படுகின்றன.

மூன்றாம் படி, வண்ண ஓவியம் எழுதுதல். அளவிட்டு அமைத்த வரைபடத்தின் பின்புறத்தில் கருஞ்சுண்ணத்தைத் தேய்த்து, அதனை மரப்பலகையின்மேல் வைத்து, கோடுகளின்மேல் கூரிய கருவியால் அழுத்தி இழுப்பார். கோடுகள் பலகையிற் பதியும். அவற்றின்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டி ஓவியத்தை முடிப்பார். இக்காலத்து ஆராய்ச்சியாளர் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு ஓவியங்களை ஆராயும்போது, வண்ணத்தின் அடியில் மறைந்துள்ள கோடுகள் தெரிகின்றன.

இவ்வாறு தாளில் தொடங்கிப் பலகையில் முடியும் பணிக்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் வியப்பைத் தரும். ஆர்லெம் நகரத்துப் புனித பாவோ தேவாலயத்தின் உட்புறத்தை அவர் 1635 ஆம் ஆண்டில் தாளில் வரைந்தார். அதனைக் கொண்டு பெரிய ஓவியம் ஒன்றை எழுதி முடித்தது 1648 ஆம் ஆண்டில்தான். ஏறத்தாழ 175 செண்டிமீட்டர் உயரமுள்ள அவ்வோவியம் இன்று எடின்பரோ நகரில், ஸ்காட்லாந்து தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் அவர் தம் பழைய தாளை நம்ப முடிந்தது. பார்த்த அன்றே செவ்வனே குறித்துவைத்தமையே அதற்குக் காரணம்.

அவர்தம் வாழ்வில் 1636 ஆம் ஆண்டு சிறப்புடையது. அவ்வாண்டில் அவர் உத்ரெக்ட் என்னும் பழம்பெரும் நகருக்குச் சென்று ஏறத்தாழ இருபது வாரங்கள் தங்கினார். அந்நகரில் தேவாலயங்கள் பல இருந்தன. டோம் என வழங்கும் தலைமைத் தேவாலயம், புனித மரியாள் தேவாலயம், புனித யாக்கோபு தேவாலயம், புனித பேதுரு தேவாலயம் முதலியவற்றினுள் அவர் நாள்தோறும் சென்று அமர்ந்து வரைந்தார். ஒரே கட்டடத்தைப் பல இடங்களிலிருந்து நோக்கினார். நடுக்கூடத்திலிருந்து ஒன்று, பக்கக் கூடத்திலிருந்து ஒன்று, தூண் மறைவிலிருந்து ஒன்று என வரைந்தவற்றைச் சேர்த்துக் காணும்போது, கட்டடத்தினுள்ளே நாமே நடந்து செல்வது போன்ற உணர்ச்சி தோன்றுகின்றது.

அவர்தம் சித்திரங்களில் மாந்தர் மிகச் சிறியவராகவே காணப்படுவர். ஒரு தூணின் அடியில் இருவர் பேசி நிற்பர். ஒரு நாய் ஓடும். ஒரு சிறுவன் தரையில் அமர்ந்திருப்பான். கதை எதனையும் கூறுதற்கு அவர்கள் அங்கு இல்லை. அவர்களை அளவாகக் கொண்டு தூணின் உயரத்தைக் கண் அறிந்துகொள்கின்றது. மனிதர் சிறுக்கச் சிறுக்க, மண்டபத்தின் வெட்டவெளி பெருகித் தோன்றுகின்றது.

ஆம்ஸ்டர்டாம் நகரின் பழைய நகர மன்றத்தைப் பற்றிய வரலாறு, அவர்தம் தாள்களின் அருமையைத் தெளிவாகக் காட்டும். 1641 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15 முதல் 20 வரை ஆறு நாட்கள் அவர் அக்கட்டடத்தின் எதிரே இருந்து, அதன் நிறங்களோடு அதனைத் தாளில் வரைந்தார். அது பழமையான கட்டடம். சுவர் காரை பெயர்ந்தும், கல் கறுத்தும் இருந்தது. வளம் பெருகி வந்த நகரத்தார்க்கு அது போதவில்லை. அவர்கள் அதனருகே 1648 ஆம் ஆண்டில் பெரிய நகர மன்றம் ஒன்றைக் கட்டத் தொடங்கினர். அப்புதிய மாளிகைக்கு அமைப்புத் தந்தவர் சான்ரடாமின் நண்பராகிய யாக்கோப் வான் காம்பனே ஆவார். இன்று அம்மாளிகை அரசர் அரண்மனையாக விளங்குகின்றது.

புதியது எழுந்துகொண்டிருக்கும்போதே பழையது அழிந்தது. 1652 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தீப்பற்றி, சில மணி நேரத்தில் பழைய நகர மன்றம் எரிந்து வீழ்ந்தது. பின்னர்ச் சான்ரடாம், பதினாறு ஆண்டுகளுக்கு முன் தாம் வரைந்து வைத்த தாளை எடுத்து, அதனைக் கொண்டு 1657 ஆம் ஆண்டில் வண்ண ஓவியம் ஒன்றை எழுதினார். தாம் எந்த ஆண்டில், எத்தனை நாட்கள் நேரில் இருந்து வரைந்தார் என்பதையும், எந்த ஆண்டில் ஓவியம் எழுதினார் என்பதையும் அவ்வோவியத்திலேயே பொறித்தார். நகரத் தலைவர்கள் அதனை 400 கில்டர் கொடுத்து வாங்கினர். அழிந்துபோன கட்டடத்தின் உருவம் புதிய மன்றத்தில் இடம் பெற்றது. அவ்வோவியத்தை இன்று ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் காணலாம்.

தாம் பிறந்த சிற்றூரையும் அவர் மறக்கவில்லை. அசெண்டெல்ஃப்ட் ஊரின் தேவாலயத்தை அவர் 1630-களில் தாளில் வரைந்தார். அதனைக் கொண்டு 1649 ஆம் ஆண்டில் ஓர் ஓவியம் எழுதினார். வெண்மையான சுவர்களும் எளிய மரக்கூரையும் உடைய அத்தேவாலயத்தில் மக்கள் அமர்ந்து சமயவுரையைக் கேட்கின்றனர். ஓவியத்தின் முன்புறத்தில், தரையிற் பதித்த ஒரு கல்லின்மேல் ஒருவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அஃது ஓவியரின் தந்தையாரது கல்லறை. சிறு வயதில் தந்தையை இழந்த மைந்தர், ஐம்பது வயதைக் கடந்தபின், அக்கல்லை ஒளி படும் இடத்தில் அமைத்து வரைந்தார். அடக்கமான அவ்வோவியத்தில் அவர்தம் நெஞ்சம் ஒருவாறு வெளிப்படுகின்றது.

உள்ளதை உள்ளவாறு வரைந்தார் என்று கூறுவதனால், அவர் கட்டடத்தின் வெறும் நகலை எடுத்தவர் என்று கருதிவிடலாகாது. நேரில் வரைந்த தாள்களையும், அவற்றினின்று எழுந்த ஓவியங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள் சில வேறுபாடுகளைக் கண்டுள்ளனர். சில இடங்களில் தூண்கள் உண்மையினும் உயர்ந்தும் மெலிந்தும் உள்ளன; காட்சிக்கு இடையூறாகும் பொருள்கள் நீக்கப்பட்டுள்ளன. அமைதியும் விரிவும் தோன்றுமாறு ஓவியத்தைச் செம்மைப்படுத்தும் உரிமையை அவர் தமக்கு வைத்துக்கொண்டார். ஆயினும், நேரில் வரைந்த தாளை அவர் அழித்துவிடவில்லை. பின்னர்த் திருத்தவும் முற்படவில்லை. கண்டது இது, கருதி அமைத்தது இது என்று வேறுபடுத்தி அறிய அத்தாள்களே இன்று துணைசெய்கின்றன.

சான்ரடாம் 1665 ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமானார். தாம் பன்முறை வரைந்த ஆர்லெம் நகரத்துப் புனித பாவோ தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதிய ஓவியங்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்டவையும், தாளில் வரைந்தவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவையும் இன்று எஞ்சியுள்ளன.

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1674 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1 ஆம் நாள், உத்ரெக்ட் நகரைக் கடும்புயல் ஒன்று தாக்கிற்று. டோம் தேவாலயத்தின் நடுக்கூடம் பொருட்குறைவால் முழுமையாகக் கட்டி முடிக்கப்படாமல் இருந்தது. சுவர்களைத் தாங்கும் வலிய முட்டுகளும், மேலே கல்லாலாகிய வளைகூரையும் அதற்கு அமையவில்லை. ஆகவே, அது புயலை எதிர்த்து நிற்க இயலாமல் வீழ்ந்தது. ஒரு புறம் ஏறத்தாழ 112 மீட்டர் உயரமுள்ள கோபுரமும், மறுபுறம் திருப்பீடப் பகுதியும் நின்றன. இடையில் இருந்தது இடிபாடாயிற்று. இன்று அவ்விடம் மக்கள் நடமாடும் வெளியாக உள்ளது. அங்கே நின்ற நடுக்கூடம் எவ்வாறு இருந்தது என்று அறிய விரும்புவோர், சான்ரடாம் 1636 ஆம் ஆண்டில் வரைந்த தாள்களையே நாட வேண்டும்.

புனித மரியாள் தேவாலயத்தின் கதை இதனினும் இரங்கத்தக்கது. பதினொன்றாம் நூற்றாண்டில் தொடங்கப்பெற்ற அப்பழம்பெருங் கட்டடத்தைப் புயல் அழிக்கவில்லை, தீயும் அழிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்களே அதனை இடித்துவிட்டனர். அதனைச் சார்ந்த மூடுநடை முற்றம் மட்டும் எஞ்சி நிற்கின்றது. அத்தேவாலயத்தின் தூண்கள் எத்தகையவை, வளைவுகள் எவ்வாறு அமைந்தன, ஒளி எப்பக்கத்திலிருந்து உள்ளே விழுந்தது என்பனவற்றைச் சான்ரடாமின் தாள்கள் எடுத்துரைக்கின்றன. அசெண்டெல்ஃப்ட் ஊரில் அவர்தம் தந்தையாரின் கல்லறை இருந்த தேவாலயமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. அவர் நேரில் வரைந்த தாள்கள் பல உத்ரெக்ட் நகரின் ஆவணக் காப்பகத்தில் பேணப்பட்டு வருகின்றன. கட்டடக்கலை வரலாற்றை ஆராய்வோர்க்கு அவை கிடைத்தற்கரிய கருவூலமாகும்.

இத்தாள்களைக் காப்பதிலும் ஒரு புதுமை உண்டு. ஒளியையே பொருளாகக் கொண்ட இச்சித்திரங்களுக்கு ஒளியே பகையாகும். மிகுந்த வெளிச்சம் பட்டால் தாள் பழுப்பேறும், நீர்வண்ணம் வெளிறும். ஆதலின், காப்பகத்தார் அவற்றை இருண்ட பேழைகளில் வைத்துக் காக்கின்றனர். காட்சிக்கு வைக்கும்போதும், மங்கலான விளக்கொளியில், சில மாதங்களுக்கு மட்டுமே வைத்துப் பின்னர் எடுத்துவிடுகின்றனர். முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் வெள்ளைச் சுவரில் விழுந்த பகலொளி, இவ்வாறு இருளினுள் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

சான்ரடாம் அக்கட்டடங்களை வரைந்தபோது, அவற்றுட் சில அழியும் என்று அறிந்திருக்கவில்லை. மக்கள் நாள்தோறும் வந்து செல்லும் இடங்களையே அவர் வரைந்தார். எப்போதும் கண்முன் இருக்கும் பொருளைக் கூர்ந்து நோக்குவார் சிலரே. அது மறைந்தபின் தேடுவார் பலர். என்றும் நிற்கும் என்று எண்ணி எவரும் அளக்காது விட்ட தூண்களை அவர் அளந்தார். எவரும் பொருட்படுத்தாத வெண்சுவரின் ஒளியை அவர் பொறுமையோடு எழுதினார். எழுதிய நாளையும் மறவாது குறித்தார். பெரிய கோபுரம் எதனையும் அவர் கட்டவில்லை. அவர் கையில் இருந்தவை தாளும் பேனாவும் அளவுகோலுமே. அவற்றைக் கொண்டு அவர் நேர்மையாகச் செய்த பணி, புயலும் தீயும் மனிதர்தம் கடப்பாரையும் வீழ்த்திய கட்டடங்களை இன்றளவும் நிலைபெறச் செய்துள்ளது.